பொம்பெயி விஆர் காட்சி, கொழிஞ்சாம்பாறை: ரொட்டிக்கடையில் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள்

எங்கள் ஊர்க் கடைவீதியில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் இரண்டு மாதமாக ஒரு விஆர் அறை ஓடுகிறது. தலையில் கண்ணாடிப் பெட்டியை மாட்டிக்கொண்டு சுழல் நாற்காலியில் உட்கார்ந்தால் 50 நிமிடம், இத்தாலியில் எரிமலை வெடித்துப் புதைந்துபோன பொம்பெயி என்ற பழைய ரோமானிய நகரத்துக்குள் சுற்றிக் காட்டுகிறார்கள். பெரியவர்களுக்கு 200 ரூபாய், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு 100. ஒரு காட்சிக்கு எட்டுப் பேர். நான் மூன்று முறை போய்விட்டேன். முதல் முறை பையன் இழுத்துக்கொண்டு போனான், இரண்டாவது முறை எங்கள் பேக்கரி மாஸ்டரை நான் கூட்டிக்கொண்டு போனேன், மூன்றாவது முறை அம்மாவோடு. பாலக்காடு, சித்தூர், வேலந்தாவளம், பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்கள் போகலாமா என்று கேட்டால் கட்டாயம் போகலாம் என்பேன், ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போக வேண்டும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் மூன்று தலைமுறையாகப் பேக்கரி வைத்திருக்கிறோம். தாத்தா கட்டிய போர்மா, அதாவது ரொட்டி சுடுகிற பெரிய அடுப்பு, இன்றும் விறகில்தான் எரிகிறது. அதனால் இந்தக் காட்சியில் நான் பார்த்தது மற்றவர்கள் பார்ப்பதைவிடக் கொஞ்சம் வேறாக இருக்கலாம்.

காட்சி கடல் பக்கத்து வாசலில் தொடங்குகிறது. மேட்டில் ஏறி உள்ளே போனதும் கருங்கல் பாவிய தெரு, இரண்டு பக்கமும் உயர்ந்த நடைமேடை, நடுவில் ஆள் தாண்டிப் போவதற்கு முழங்கால் உயரத்துக்குப் பெரிய பெரிய கற்கள். தெருவில் தண்ணீரும் சாக்கடையும் ஓடும் என்பதால் கால் நனையாமல் கடக்க அந்தக் கற்கள், வண்டிச் சக்கரம் போக அவற்றுக்கு நடுவில் இடைவெளி. சக்கரம் ஓடி ஓடிக் கல்லில் பள்ளம் விழுந்த தடம்கூடத் தெளிவாகத் தெரிகிறது. குனிந்து பார்த்தால் அந்தத் தடம் கிட்டே வருகிறது, நிமிர்ந்தால் தூரத்தில் வெசூவியஸ் எரிமலை பச்சையாக நிற்கிறது. நான் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் நாற்காலியோடு பக்கத்து ஆளை இடித்துவிட்டேன். காட்சியின் தரத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நல்ல உழைப்பு.

விளக்கம் சொல்கிற தம்பி அங்கேயே நின்று தமிழில் பேசுகிறார், மலையாளத்தில் கேட்டால் மலையாளத்திலும் சொல்கிறார். வரலாறு படித்தவராம். பதிவு செய்த குரலை ஓட விடாமல் ஆளே பேசுவதுதான் இந்த இடத்தின் பெரிய பலம், ஏனென்றால் கேள்வி கேட்டால் நிறுத்திப் பதில் சொல்கிறார்.

சரி, ரொட்டிக்கு வருகிறேன்.

பத்தாவது நிமிடத்தில் ஒரு பேக்கரிக்குள் கூட்டிக்கொண்டு போகிறார்கள். முற்றத்தில் ஆள் உயரத்துக்குக் கரடுமுரடான எரிமலைக் கல்லில் திருகைகள் நிற்கின்றன. கீழே கூம்பு மாதிரி ஒரு கல், அதன் மேல் உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுங்கிய இன்னொரு கல். மேலே கோதுமையைக் கொட்டி, மரச்சட்டத்தைப் பூட்டி, கழுதையைக் கட்டிச் சுற்ற விட்டால் இரண்டு கல்லுக்கும் நடுவே அரைபட்டு மாவு கீழே விழும். அதாவது மாவு மில்லும் பேக்கரியும் ஒரே கூரைக்குக் கீழே. அதற்கு அடுத்து மாவு பிசைகிற கல்தொட்டி, அப்புறம் செங்கல் வைத்து வளைத்துக் கட்டிய அடுப்பு. அந்த அடுப்பைப் பார்த்த உடனே எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. குவிந்த கூரை, முன்னால் குறுகிய வாய், தட்டையான தரை. உள்ளேயே விறகை எரித்து, கல் முழுக்கச் சூடு ஏறியதும் நெருப்புக் கங்குகளை வாரித் தள்ளிவிட்டு, அந்தச் சூட்டிலேயே ரொட்டியை வைத்து வாயை மூடுகிற முறை. எங்கள் போர்மாவில் இன்றைக்கு விடியற்காலை நடந்ததும் அதேதான். இரண்டாயிரம் வருடம் ஆகியும் மாறாத ஒரு வேலையைத் தினமும் செய்துகொண்டிருக்கிறோம் என்பது அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த இடத்தில் இரண்டே நிமிடம்தான் நிற்கிறார்கள்! அடுத்த காட்சி வந்துவிடுகிறது.

அதனால்தான் மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் என் அப்பா காலத்து ஆள், போர்மா முன்னால் நாற்பது வருடம் நின்றவர், படம் பார்க்கவே போகாதவர். பெட்டியை மாட்டிவிட்டதும் முதலில் தலை சுற்றுகிறது என்றார். பேக்கரி வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. நான் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் காட்சியை அங்கேயே நிறுத்தினார். மாஸ்டர் அடுப்பு வாய்க்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி குனிந்து, "தம்பி, இது நம்ம போர்மாவேதான், வாய் மட்டும் கொஞ்சம் அகலம். புகை போக என்ன வழி வச்சிருக்கான்னு பாருங்க" என்றார். பிறகு, "இந்தக் கல்லு தேய்ஞ்சு மாவுல மண்ணு விழுமே" என்றார். அது நூற்றுக்கு நூறு சரி. கல்லில் அரைத்த அந்தக் காலத்து ரொட்டியில் கல்பொடி கலந்திருக்கும், அதைத் தின்று தின்று ஜனங்களின் பல் தேய்ந்திருக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வதைப் பிறகு படித்தேன். மாஸ்டருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்த ஊரில் தோண்டிய வரைக்கும் முப்பதுக்கு மேல் பேக்கரிகள் கிடைத்திருக்கின்றன. ஊரின் மொத்தப் பரப்பு 66 ஹெக்டேர்தான், அதிலும் மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறையில் எத்தனை பேக்கரி என்று எனக்குத் தெரியும், அதனால் அந்தக் கணக்கு என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. பெரும்பாலான சின்ன வீடுகளில் அடுப்பு வசதி சரியாகக் கிடையாது, ஜனங்கள் ரொட்டியைக் கடையில்தான் வாங்கியிருக்கிறார்கள். சமைத்த சாப்பாடும் அப்படித்தான். தெருவைப் பார்த்த மேடையில் பெரிய மண்ஜாடிகளைப் பதித்து வைத்த சாப்பாட்டுக் கடைகள் மட்டும் சுமார் 80. 2020 கடைசியில் முழுசாக வெளியே வந்த ஒரு கடையில் மேடை முன்னால் சேவலும் தலைகீழாகத் தொங்கும் வாத்துகளும் வரைந்திருக்கிறது, ஜாடிக்குள் வாத்து, பன்றி, ஆடு, மீன், நத்தை எல்லாவற்றின் மிச்சமும் கிடைத்திருக்கிறது. இந்தக் கடையைக் காட்சியில் நன்றாகக் காட்டுகிறார்கள், நிறங்கள் அப்படியே பளிச்சென்று இருக்கின்றன.

ரொட்டியின் உருவத்தையும் காட்டுகிறார்கள். வட்டமாக, மேலே எட்டுத் துண்டாகப் பிய்க்க வசதியாகக் கோடு போட்டது. 1862ல் ஒரு பேக்கரியின் அடுப்பைத் திறந்தபோது உள்ளே 81 ரொட்டி கரியாகி அப்படியே இருந்திருக்கிறது. மாஸ்டர் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கீழே இறங்கி வரும்போதுதான், "ஒரு ஈடு முழுக்க வச்சுட்டு எடுக்காம ஓடியிருக்காங்க, எவ்வளவு பயந்திருக்கணும்" என்றார். அடுப்பில் வைத்த ரொட்டியை விட்டுவிட்டு எந்த மாஸ்டரும் நகர மாட்டார். அன்றைக்கு அங்கே நடந்ததை அவர் அளந்த அளவு அதுதான்.

பக்கத்து ஊரான எர்கொலானோவில் கிடைத்த ஒரு ரொட்டியில் முத்திரையே குத்தியிருக்கிறது. கெலெர் என்பவரின் ரொட்டி, அவர் இன்னாருடைய அடிமை என்று. இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காட்சியில் பேக்கரியில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் சிரித்த முகத்தோடு வெள்ளைத் துணி உடுத்தி நிற்கிறார்கள். உண்மை அப்படி இல்லை. 2023ல் பொம்பெயியில் வெளிப்பட்ட ஒரு பேக்கரிக்குத் தெருப் பக்கம் வாசலே கிடையாது. மேலே சின்ன ஜன்னல், அதற்கும் இரும்புக் கம்பி. உள்ளே கழுதைகளையும் அடிமைகளையும் அடைத்துப் போட்டு மாவு அரைக்க வைத்திருக்கிறார்கள். கண்ணைக் கட்டிவிட்ட கழுதை ஒரே வட்டத்தில் அடிமேல் அடி வைத்து நடப்பதற்காகத் தரைக் கல்லில் அரைவட்டமாகக் குழி வெட்டியிருக்கிறது. அந்தப் பேக்கரியைக் காட்டாமல் ரொட்டியை மட்டும் காட்டுவது எனக்குச் சம்மதமில்லை, தம்பியிடம் இதை நேராகவே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டார், அடுத்த முறை போனபோது பேச்சில் அதைச் சேர்த்தும் சொன்னார். அதற்காகவே அவருக்கு ஒரு மரியாதை.

சுவர்களில் எழுதியிருப்பதைக் காட்டுகிற பகுதி எனக்கு ரொம்பப் பிடித்தது. தேர்தல் நேரத்தில் நம் ஊர்ச் சுவர்கள் எப்படி இருக்குமோ அப்படியே அங்கேயும் சிவப்பு எழுத்தில் ஓட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அதில் ஒன்று, கையுஸ் யூலியுஸ் பொலிபியுஸைத் தேர்ந்தெடுங்கள், அவர் நல்ல ரொட்டி கொண்டுவருகிறார் என்கிறது. இன்னொரு சுவரில் யாரோ பல நாள் வீட்டுச் செலவைக் கீறி வைத்திருக்கிறார்கள்: பாலாடைக்கட்டி, ரொட்டி, எண்ணெய், மது, வெங்காயம் என்று நாள் வாரியாக. அதில் வீட்டுக்கு வாங்கிய ரொட்டி ஒரு வரி, அடிமைக்கு வாங்கிய ரொட்டி தனியாக ஒரு வரி. நான் கணக்கு நோட்டு எழுதுகிறவன். ஒரு வீட்டில் யார் யார் எப்படி இருந்தார்கள் என்று அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது.

இப்போது குறைகள்.

கடைசி 12 நிமிடம் முழுக்க எரிமலை வெடிப்பு. அதில் சத்தமும் நாற்காலி ஆட்டமும் அதிகம், விஷயம் குறைவு, தப்பும் இருக்கிறது. ஊரை நெருப்புக் குழம்பு மூடியது மாதிரி காட்டுகிறார்கள். பொம்பெயியை மூடியது நெருப்புக் குழம்பு இல்லை. கி.பி. 79ல் முதலில் பல மணி நேரத்துக்கு நுரைக்கல் மழை மாதிரி கொட்டியது, கூரைகள் பாரம் தாங்காமல் இடிந்தன, அதற்குப் பிறகுதான் சுடுசாம்பலும் வாயுவும் கலந்த வேகமான அலை வந்து மிச்சமிருந்தவர்களைக் கொன்றது. ஊரில் பத்தாயிரம் பேருக்குக் குறையாமல் இருந்திருப்பார்கள் என்று ஒரு கணக்கு. இதுவரை கிடைத்த உடல்கள் ஆயிரத்துச் சொச்சம்தான். அப்படியானால் முதல் சில மணி நேரத்தில் கிளம்பிய ரொம்பப் பேர் தப்பித்திருக்க வேண்டும். காட்சியில் ஒருவர்கூடத் தப்பிப்பதில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டி ஓடுகிற நாலு பேரையாவது காட்டியிருக்கலாமே என்று என் பையன்கூடக் கேட்டான்.

நாளையும் ஆகஸ்ட் 24 என்று அடித்துச் சொல்கிறார்கள். 2018ல் ஒரு வீட்டுச் சுவரில் கரியால் எழுதிய ஒரு வரி கிடைத்தது, அதில் அக்டோபர் 17க்குச் சமமான தேதி இருக்கிறது. மாதுளம்பழம் மாதிரி இலையுதிர் காலத்துக் கனிகளும் கிடைத்திருப்பதால், வெடிப்பு அக்டோபர் கடைசியில் நடந்திருக்கும் என்றுதான் இப்போது பலரும் சொல்கிறார்கள். இதை மாற்றுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

அதைவிட முக்கியம் அந்த உடல்கள். மனிதர்கள் கல்லாகிவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். அப்படி இல்லை. சாம்பல் இறுகிய பிறகு உள்ளே இருந்த உடல் மக்கிப்போய் அந்த உருவத்தில் ஒரு பொந்து மட்டும் மிஞ்சியது. 1863ல் ஜுசெப்பே ஃபியொரெல்லி என்பவர் அந்தப் பொந்துகளில் ஜிப்சம் சாந்தை ஊற்றி, அது கெட்டியானதும் சுற்றிலும் இருந்த சாம்பலைத் தட்டி எடுத்தார். நாம் பார்க்கிற உருவம் அந்த வார்ப்பு. உள்ளே எலும்பு இருக்கிறது. கையில் தங்க வளையல் போட்ட ஒருவரையும் ஒரு குழந்தையையும் தாயும் பிள்ளையும் என்று காட்டி ஒரு சோக இசை போடுகிறார்கள். 2024ல் அந்த எலும்புகளின் மரபணுவைச் சோதித்ததில் வளையல் போட்டவர் ஆண், அந்தக் குழந்தைக்கு உறவே இல்லை என்று தெரிந்துவிட்டது. சாகிற நேரத்தில் யாரோ ஒரு மனிதர் யாரோ ஒரு குழந்தையோடு இருந்திருக்கிறார். உண்மைக் கதையே மனதை அடைக்கிறது, பொய்யாக ஒரு தாயை வைக்க வேண்டியதில்லை.

அம்மாவுக்கு 76 வயது. அவருக்கு ரொட்டியும் வேண்டாம் எரிமலையும் வேண்டாம், தண்ணீர்தான். கிழக்குச் சித்தூர்க்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, எங்கள் பக்கம் மலைக்கு மறைவில் இருப்பதால் கேரளா முழுக்கக் கொட்டுகிற மழை எங்களுக்கு மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். பொம்பெயியில் தெருவுக்குத் தெரு கல்தொட்டி வைத்த பொதுக்குழாய், மொத்தம் சுமார் 40. மலைப்பக்கத்திலிருந்து வாய்க்காலில் வந்த தண்ணீர் ஊரின் உயரமான வாசல் பக்கம் ஒரு கட்டடத்தில் பிரிந்து, ஈயக் குழாய்களில் இறங்கி, தெருமுனைகளில் நிற்கும் தூண்களின் மேல் உள்ள ஈயத் தொட்டிகளில் ஏறி, அங்கிருந்து குழாய்களுக்கும் குளிக்கும் கூடங்களுக்கும் வசதியான வீடுகளுக்கும் போகிறது. தொட்டியின் விளிம்பில் கையை ஊன்றிக் குனிந்து குடித்துக் குடித்துக் கல்லே வழுவழுவென்று தேய்ந்து பள்ளமாகியிருக்கிறது. அம்மா அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, அப்ப இவங்களுக்கு லாரிக்குக் காத்துக்கிட்டு நிக்கற பாடு இல்லையாட்ட இருக்குது" என்றார். பிறகு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்தக் குழாய்களைப் பற்றித்தான் பேச்சு.

இன்னொரு இடத்தில் நாம் எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவோம். 1938ல் அந்த ஊரின் பெரிய கடைத்தெருவில் ஒரு வீட்டில் கிடைத்த தந்தச் சிற்பம், 25 சென்டிமீட்டர் உயரம், நகை மட்டுமே அணிந்த ஒரு பெண், இரண்டு பக்கமும் சின்னத் தோழிகள். இந்தியாவிலிருந்து போனது. முதலில் லட்சுமி என்றார்கள், இப்போது யட்சியாக இருக்கலாம் என்கிறார்கள். நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது நம் பக்கத்துச் சிற்பம் இல்லை, மகாராஷ்டிராப் பக்கம் தேர், போகர்தன் ஆகிய ஊர்களில் கிடைத்தவற்றோடு அதை ஒப்பிடுகிறார்கள். ஆனால் அதே கப்பல் வியாபாரத்தின் இன்னொரு கிளை எங்கள் வீட்டு வாசல் வழியாகப் போயிருக்கிறது. கேரளக் கரையில் இருந்த பழைய முசிறித் துறைமுகத்தில் இறங்கியவர்களும் கொங்கு நாட்டுச் சரக்கும் கடந்துபோகப் பாலக்காட்டுக் கணவாயை விட்டால் இந்த மலைத்தொடரில் வேறு நல்ல வழி இல்லை, கோயமுத்தூருக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக்காசுகள் குவியலாகக் கிடைத்ததும் அதனால்தான். தம்பி இதைச் சொல்லும்போது உற்சாகமாகி நேரத்தைத் தாண்டிவிடுகிறார். தாண்டட்டும், ஒரு தப்பும் இல்லை.

போகிறவர்களுக்கு: படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான், முட்டி வலி உள்ளவர்கள் ஆள் துணையோடு போங்கள். பெட்டி கனமானது, கண்ணாடி போட்டவர்களுக்கு மூக்கில் அழுத்தும். மத்தியானக் காட்சி வேண்டாம், ஏசி ஒன்றுதான், எட்டுப் பேரும் வியர்த்துவிடுகிறார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் பெட்டியைத் துடைத்துத்தான் தருகிறார்கள், அது நல்லது. இரண்டாவது முறை நான் போனில் சொல்லி வைத்த இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள், மாஸ்டரை முக்கால் மணி நேரம் படியில் உட்கார வைக்க வேண்டியதாயிற்று. அதற்கு மன்னிப்புக் கேட்டார்கள், பணத்தைத் திருப்பித் தரவும் வந்தார்கள். இருந்தாலும் போகும் முன் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். தலை சுற்றுகிறவர்கள் வெடிப்புக் காட்சியில் கண்ணை மூடிக்கொண்டால் போதும். புதன், வியாழன் சாயங்காலம் கூட்டம் குறைவு. அப்போது பேக்கரியில் ஐந்து நிமிடம் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. அந்த ஒன்றைக் குறைத்தது வெடிப்புக் காட்சிக்காக.

போன வாரம் விடியற்காலை நாலரை மணிக்கு அந்தத் தம்பி எங்கள் பேக்கரிக்கு வந்தார். போர்மாவில் தீ மூட்டுவதிலிருந்து முதல் ஈடு பன் வெளியே வருகிற வரைக்கும் மாஸ்டர் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டார், கங்கை எப்படி வாருவது, ஒரு பிடி மாவைத் தரையில் தூவி அது கருகுகிற வேகத்தை வைத்துச் சூட்டை எப்படிக் கணிப்பது, ஈரச்சாக்கால் எத்தனை தடவை துடைப்பது என்று. மாஸ்டர் அவர் கையில் துடுப்பைக் கொடுத்து ஒரு தட்டை உள்ளே தள்ளச் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து பேக்கரிப் பகுதியை எட்டு நிமிடமாக்கப் போகிறார்களாம்.